காலுக்குத் தெரியும் வாட்: பள்ளியில் மிதிவண்டி மின்சாரம் அமைப்பது எப்படி

சைக்கிள் மிதித்துப் பள்ளியின் கரண்ட் பில்லைக் குறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் மூச்சு வாங்காமல் மிதித்தால் நமக்குக் கிடைப்பது 30 முதல் 50 வாட். தாராளமாக 50 என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு யூனிட் (1,000 வாட்-மணி) சேர 20 மணி நேரம் மிதிக்க வேண்டும். சேலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கிற காசுகூட அந்த யூனிட்டுக்கு ஆகாது.

அப்புறம் எதற்கு இந்த வேலை? வாட் என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். ஒரு விநாடிக்கு ஒரு ஜூல். தேர்வில் முழு மதிப்பெண். ஆனால் 10 வாட்டுக்கும் 55 வாட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது உடம்புக்குத் தெரியாது. சுவிட்சைப் போட எல்லாவற்றுக்கும் ஒரே விரல்தானே வேண்டியிருக்கிறது. மிதிவண்டி அந்த வித்தியாசத்தைத் தொடைக்குக் கொண்டுவருகிறது. அதனால் இதை ஜெனரேட்டர் என்று நினைக்காமல் ஒரு அளவுகருவி என்று நினைத்துச் செய்யுங்கள். எதை வாங்குவது, எதை விடுவது என்பதெல்லாம் இந்த ஒரு நினைப்பிலிருந்தே தெளிவாகிவிடும்.

முதலில் விட வேண்டியது பேட்டரி. இணையத்தில் பார்க்கிற பாதி வரைபடங்களில் சைக்கிளுக்கும் பல்புக்கும் நடுவே ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் சேமிக்க அது சரி, பாடம் நடத்த அது கெடுதல். பல்பைப் போட்டாலும் அணைத்தாலும் மிதிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது, பேட்டரி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கால் இழுக்க வேண்டும், பல்பு மினுங்க வேண்டும். அதுதான் நமக்கு வேண்டியது.

சைக்கிளும் மோட்டாரும்

சைக்கிளுக்கு அலைய வேண்டாம். பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி எந்தத் தெருவிலும் ஒன்றிரண்டு சும்மா நிற்கும். பின் ஸ்டாண்டு போட்டால் சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றும் வகையாக இருந்தால் நல்லது. ஆனால் அந்த ஸ்டாண்டை மட்டும் நம்பி ஒரு பிள்ளையை ஏற்றி வேகமாக மிதிக்கச் சொல்லாதீர்கள். வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம் செய்து, பின் அச்சின் இரண்டு பக்கத்து நட்டுகளையும் அதில் இறுக்கிவிடுங்கள். முன் சக்கரத்தை ஒரு மரக்கட்டைப் பள்ளத்தில் உட்கார வைத்துக் கட்டிவிடுங்கள். எழுபது கிலோ ஆள் ஏறி ஆடிப் பார்த்தும் அசையக் கூடாது.

மோட்டார்தான் முக்கியம். சைக்கிளில் வரும் சின்ன டைனமோ 3 வாட், 6 வாட் தரும், பாடத்துக்குப் போதாது. கார் ஆல்டர்னேட்டர் வாங்கலாம் என்று தோன்றும், அதுவும் வேண்டாம். அது மின்சாரம் தருவதற்கு முன்னால் அதற்கே நாம் மின்சாரம் தர வேண்டும், வேகமும் மிக அதிகம் வேண்டும். நமக்குத் தேவை நிரந்தரக் காந்தம் உள்ள டி.சி. மோட்டார். மின்சார சைக்கிள்களிலும் சின்ன மின்சார ஸ்கூட்டிகளிலும் போடும் 24 வோல்ட், 250 வாட் மோட்டார் இந்த வேலைக்கென்றே செய்த மாதிரி இருக்கும். கியர் பெட்டி இல்லாததாக வாங்குங்கள். புதிது 2,000 ரூபாயைச் சுற்றி வரும். கரண்ட் கொடுத்தால் சுற்றுகிற மோட்டாரைச் சுற்றிவிட்டால் கரண்ட் தரும் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். மோட்டாரின் இரண்டு வயரையும் ஒரு சின்ன எல்.இ.டி.யில் இணைத்து, அச்சைக் கையால் திருகச் சொல்லுங்கள். 1831-இல் ஃபாரடே கண்டது அவர்கள் விரலுக்குள்ளேயே நடக்கும். அப்புறம் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொட வைத்துவிட்டு மறுபடி திருகச் சொல்லுங்கள். அச்சு சட்டென்று கனக்கும். வகுப்பில் நான் பார்த்த முகங்களில் அந்த நிமிடத்து முகங்களுக்கு ஈடில்லை. பாதிப் பாடம் அங்கேயே முடிந்தது.

லேத் பட்டறைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

டயரின் மேல் ஒரு உருளை உரசி, அந்த உருளை மோட்டாரைச் சுற்ற வேண்டும். உருளை எவ்வளவு பருமன் என்பதில்தான் புதிதாகச் செய்பவர்கள் தவறுகிறார்கள். கணக்கு இது. முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் இருந்தால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஏறத்தாழ 2.4 சுற்று. சாதாரணமாக நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் சக்கரம் 147 சுற்று. சக்கரத்தின் விட்டம் 66 செ.மீ., உருளையின் விட்டம் 5 செ.மீ. என்றால் 13 மடங்கு. மோட்டார் 1,900 சுற்றைத் தாண்டும். அந்த வேகத்தில் இந்த வகை மோட்டார் 14 வோல்ட்டை ஒட்டித் தரும், சுமை ஏறியதும் 12-க்கு இறங்கும். 12 வோல்ட் பல்புகளுக்குக் கச்சிதம். உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணி, சக்கரத்தை அளந்து, பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். உருளை மெல்லியதாகப் போனால் வோல்ட் எகிறும். பருத்தால் மாய்ந்து மாய்ந்து மிதித்தாலும் பல்பு அழுது வடியும்.

லேத் பட்டறையில் மோட்டாரையே கையில் கொடுத்து, அதன் அச்சுக்குப் பொருந்துகிற மாதிரி உருளை கடையச் சொல்லுங்கள். மேல்பரப்பில் நெளிவரி போட்டால் டயர் வழுக்காது. மோட்டாரை ஒரு பலகையில் பூட்டி, பலகையை ஒரு கதவுக் கீலில் மாட்டி, ஸ்பிரிங் வைத்து டயரோடு அழுத்தும்படி செய்யுங்கள். இறுக்கிப் பூட்டிவிட்டால் டயர் கொஞ்சம் கோணலாக இருக்கும் இடத்தில் சிக்கும், இன்னொரு இடத்தில் விட்டுவிடும். டயரில் காற்று நிறைய இருக்கட்டும். எப்படிச் செய்தாலும் உரசலிலும் மோட்டார் சூட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அந்த நஷ்டத்தை மறைக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்து மோட்டார் உடம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால், காணாமல் போன வாட் எங்கே போனது என்று அவர்களே சொல்வார்கள்.

வயரிங்

மோட்டாரிலிருந்து 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், சிவப்பும் கருப்பும். சக்கரத்தை மிதிக்கும் திசையில் சுற்றி, எந்த வயர் பாசிட்டிவ் என்று மல்டிமீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் வயரில் முதலில் 10 ஆம்பியர் ஃபியூஸ், அடுத்து, கரண்ட்டை ஒரே பக்கமாக மட்டும் போகவிடும் 20 ஆம்பியர் ஷாட்கி டையோடு ஒன்று. யாராவது சக்கரத்தைப் பின்பக்கம் சுற்றினால் கரண்ட் தலைகீழாகப் போய் எல்.இ.டி.யைக் கொல்லாமல் டையோடு காப்பாற்றும். நாளைக்கு வேறொருவர் ஆசைப்பட்டு பேட்டரி மாட்டினால், மோட்டார் தானாகச் சுற்றி யார் விரலையாவது சக்கரத்தில் இழுக்காமலும் காக்கும். டையோடு சூடாகும், ஒரு அலுமினியத் துண்டில் திருகி வையுங்கள். அடுத்து டி.சி. வாட் மீட்டர். வோல்ட், ஆம்பியர், வாட், வாட்-மணி நான்கையும் காட்டும் சின்னப் பெட்டி அது. சூரியத் தகடு சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். அதை மிதிப்பவர் பார்க்க முடியாத பக்கமாகத் திருப்பி வையுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

மீட்டருக்குப் பிறகு சுவிட்சுப் பலகை. நாலைந்து சுவிட்சு போதும்: 12 வோல்ட் எல்.இ.டி. பல்பு 10 வாட், வண்டி இண்டிகேட்டரில் போடும் 21 வாட் குண்டு பல்பு, ஹெட்லைட்டில் போடும் 55 வாட் ஹாலஜன் பல்பு, ஒரு 12 வோல்ட் ஃபேன், ஒரு போன் சார்ஜர். ஹாலஜனும் குண்டு பல்பும் நேராக இணைக்கலாம். எல்.இ.டி.யும் சார்ஜரும், எகிறும் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஒரு பக் கன்வர்ட்டர் வழியாகத்தான் போக வேண்டும். 40 வோல்ட் வரை தாங்கி 12 வோல்ட் தருவதாக வாங்குங்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல் தடவை அந்தக் கன்வர்ட்டர் இல்லாமலே எல்.இ.டி.யை மாட்டியிருந்தோம். ஹாலஜனை எரிய வைக்க ஒரு பையன் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தான். யாரோ ஹாலஜன் சுவிட்சை மட்டும் அணைத்தார்கள். சுமை போனதும் சக்கரம் பறந்தது, மீட்டர் 20 வோல்ட்டைத் தாண்டியது, எல்.இ.டி. ஒருமுறை பளிச்சென்று மின்னிவிட்டு அடங்கிப்போனது. பையனுக்கு ஏக சந்தோஷம். பல்பு என் காசு.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். சுவிட்சுப் பலகையில், வீட்டுச் சுவரில் இருக்கிற மாதிரி மூன்று பின் சாக்கெட்டைப் போடாதீர்கள். பழக்க தோஷத்தில் யாராவது இந்த 12 வோல்ட் பல்பைக் கொண்டுபோய் 230 வோல்ட் சுவரில் செருகிவிடுவார்கள். இன்வர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஆக்கும் யோசனையும் முதல் வருடத்தில் வேண்டாம். 12 வோல்ட்டில் பிள்ளை தைரியமாக வயரைத் தொடலாம், கழற்றலாம், தப்பாக மாட்டலாம்.

தாவணி, துப்பட்டா, நீளப் பின்னல் எல்லாம் சக்கரத்துக்கும் உருளைக்கும் எட்டாதபடி ஒரு கம்பி வலை போட்டு மூடுங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ள பிள்ளைகள், விரதம் இருப்பவர்கள் மிதிக்க வேண்டாம்; மீட்டர் படிக்கும் வேலை அவர்களுக்கு. காலால் மிதிக்க முடியாத பிள்ளை இருந்தால் சின்ன மோட்டாரில் கைப்பிடி வைத்து ஒன்று செய்துவிடுங்கள். சேலம் வெயிலில் பிற்பகல் இதற்கு ஆகாது, முதல் பீரியடில் வையுங்கள்.

வகுப்பு

ஒரு குழுவுக்கு நால்வர். ஒருவர் மிதிக்க, ஒருவர் சுவிட்சு, ஒருவர் மீட்டர், ஒருவர் எழுதுவது. ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் மிதிக்க வேண்டாம்.

மிதிப்பவரின் கண்ணைக் கட்டிவிடுங்கள். ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டே இருக்கட்டும். சுவிட்சுக்காரர் சத்தம் போடாமல் ஏதோ ஒன்றைப் போட வேண்டும், எதைப் போட்டார் என்று மிதிப்பவர் காலை வைத்தே சொல்ல வேண்டும். ஹாலஜனைப் போட்டால் உடனே, “சார், கால் இழுக்குது சார்!” என்பார்கள். எல்.இ.டி.யைப் போட்டால் பலருக்குத் தெரியவே தெரியாது. “போட்டாச்சா இல்லையாடா?” என்று கேட்டபடி மிதிப்பார்கள். கண் கட்டை அவிழ்த்துவிட்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த 55 வாட் ஹாலஜனும் 10 வாட் எல்.இ.டி.யும் தரும் வெளிச்சம் ஏறத்தாழ ஒன்றுதான், இரண்டும் 1,000 லூமனை ஒட்டி. மீட்டரைத் திருப்பி வைக்கச் சொன்னது இதற்குத்தான். எண்ணைப் பார்த்துவிட்டால் கால் பொய் சொல்லும்.

வெளிச்சம் ஒன்றுதான் என்று நீங்கள் சொன்னால் பிள்ளைகள் ஒப்புக்கொள்ளக் கூடாது, நிரூபிக்க வேண்டும். வெள்ளைத்தாளின் நடுவில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். இரண்டு பல்புகளுக்கும் நடுவே தாளை நிறுத்தி முன்னும் பின்னும் நகர்த்தினால், இரண்டு பக்க வெளிச்சமும் சமமாகும் இடத்தில் எண்ணெய்ப் பொட்டு கிட்டத்தட்ட மறைந்துவிடும். அந்த இடம் நடுப்பகுதியில் வந்தால் பல்புகள் சமம். பழைய முறைதான், ஆனால் போன் செயலியைவிட இதைத்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள். இரண்டு பல்பையும் ஒரே நேரத்தில் எரிக்க 65 வாட் வேண்டும், அதற்கு மட்டும் விளையாட்டு சொல்லித்தரும் பி.டி. சாரைக் கூப்பிடுங்கள். அவர் வேர்த்து விறுவிறுப்பதைப் பார்ப்பதும் பாடத்தில் சேர்த்திதான். ஹாலஜனை உற்றுப் பார்க்கவோ தொடவோ விடாதீர்கள். ஒரு சாண் தள்ளிப் புறங்கையைக் காட்டச் சொல்லுங்கள். மீதி வாட் எல்லாம் அந்தச் சூட்டில் இருக்கிறது.

தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகள் சேலம் அம்மாபேட்டைப் பக்கத்தில் நிறைய. கைத்தறியில் மிதிபலகை மிதிக்கிற தாத்தாவைப் பார்த்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். விசைத்தறி மோட்டாரின் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள். ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட். 50 வாட் பிள்ளைகள் பதினைந்து பேர் விடாமல் மிதிக்க வேண்டும்.

மிதித்து முடித்ததும் பசிக்கும். பிஸ்கட் கொடுங்கள், கவரைத் தூக்கி எறியும் முன் பின்பக்கம் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 100 கிராமுக்கு 450 கிலோ கலோரியை ஒட்டி இருக்கும், அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். உடம்பு அதில் கால்வாசியைத்தான் காலுக்குத் தரும், நம் சைக்கிளில் அதிலும் பாதிக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகும். கடைசியில் கைக்கு வருவது 80 வாட்-மணி. ஒரு யூனிட்டுக்கு ஒன்றேகால் கிலோ பிஸ்கட். “கரண்ட்டே சீப்பு சார்” என்பார்கள். ஆமாம் என்று சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏன் சீப்பு என்பது அடுத்த கேள்வி. மேட்டூர் அணை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. முழு அளவான 120 அடியிலிருந்து தண்ணீர் விழுவதாகக் கணக்குப் போட்டால், நஷ்டம் போக, 12,000 லிட்டர் விழுந்தால்தான் ஒரு யூனிட். ஒரு பெரிய தண்ணீர் லாரி.

ஏற்காட்டுக் கணக்கு

சைக்கிள் செய்ய வசதியே இல்லாத பள்ளிக்கும் இது உதவும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,200 மீட்டர். 50 கிலோ எடையுள்ள பிள்ளை அந்த உயரம் ஏறினால் செய்த வேலை 50 × 9.8 × 1,200, அதாவது 5,88,000 ஜூல். ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல். ஆக ஆறு பேர் மலை ஏறினால் ஒரு யூனிட்.

மலைப்பாதையில் பஸ் ஏறும்போதே 20 கொண்டை ஊசி வளைவுக்குள் தலை சுற்றுகிற பிள்ளைகள் இவர்கள், அதனால் இந்தக் கணக்கு நன்றாக ஒட்டிக்கொள்கிறது. ஓரிரு முறை அடிவாரத்திலிருந்து நடந்தே போனவர் வகுப்பில் ஒருவராவது இருப்பார், அவரை முதலில் பேச விடுங்கள். அதன்பின் எல்லாவற்றையும் ஆள் கணக்கில் சொல்லலாம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி விடாமல் பத்து நிமிடம் சூடேறினால் ஒருவர் மலை ஏறியது காலி. பழைய 75 வாட் சீலிங் ஃபேன் ராத்திரி எட்டு மணி நேரம் ஓட மூன்றரைப் பேர் ஏற வேண்டும், குறைந்த கரண்ட்டில் ஓடும் புது வகையான 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு ஒன்றரைப் பேர் போதும். இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டுக்கு 600 பேர். ஃபேன் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைக் கடைக்குப் போய்ப் பார்த்து, ஒரு நட்சத்திரத்துக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் எத்தனை ஆள் வித்தியாசம் என்று எழுதிவரச் சொன்னால் நல்ல வீட்டுப்பாடம்.

ஏற்காட்டிலேயே இருக்கும் பள்ளிகளுக்கு ஒரு யோசனை. காபித் தோட்ட வேலை செய்யும் வீடுகளில், பழத்தைத் தோல் உரிக்கும் கையால் சுற்றும் பல்ப்பர் இருந்தால் பிள்ளைகளைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழம் போடும்போது கை எப்படிக் கனக்கிறது, பழம் தீர்ந்ததும் எப்படி இலேசாகிறது என்பது நம் சுவிட்சுப் பலகையின் கதையேதான்.

வீட்டு மீட்டர்

இப்போதைய இ.பி. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரிலேயே அச்சடித்திருக்கும். 3,200 என்று இருந்தால் ஒரு சிமிட்டல் 1,125 ஜூல். 50 வாட்டில் மிதிக்கிற பிள்ளை அந்த ஒரே ஒரு சிமிட்டலுக்கு 22 விநாடி மிதிக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி ஓடும்போது அது விநாடிக்கு ஒருமுறை சிமிட்டும். மீட்டரைத் தொடக் கூடாது, தள்ளி நின்று பார்த்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டுகிறதா என்று பார்த்துவரச் சொன்னால், டி.வி.யின் செட்டாப் பெட்டி முதல் வை-ஃபை வரை பிடிபடும். ஒரு பெண் வந்து, “சார், எங்க வீட்ல யாருமே மிதிக்காமலே சிமிட்டுது” என்றாள்.

போட்டி வைப்பதானால்

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். பள்ளியில் ஏதாவது செய்யச் சொல்வார்கள். யார் அதிக வாட் எடுக்கிறார்கள் என்று போட்டி வைக்கும் ஆசை வரும், நானும் வைத்தேன். கபடி ஆடுகிற பையன்கள் ஜெயித்தார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், சேமிப்பு பற்றி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டயரும் தேய்ந்ததுதான் மிச்சம்.

மறு வருடம் மாற்றினேன். வகுப்பை இருட்டாக்கி, ஒரு நோட்டைத் தரையில் விரித்து வைத்து, அதில் இருக்கும் பொடி எழுத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். குறைந்த வாட்டில் படிக்கிற குழு ஜெயித்தது. சுவிட்சுப் பலகையோடு சில சின்ன எல்.இ.டி. பட்டைகளும் கொடுத்திருந்தேன். முதல் குழு 10 வாட் பல்பை மேசை மேல் வைத்தது. இரண்டாம் குழு பல்புக்குப் பின்னால் வெள்ளை சார்ட்டைப் பிடித்து, 6 வாட்டிலேயே படித்துவிட்டது. மூன்றாவது குழுவில் ஒரு பெண் எல்.இ.டி. பட்டையில் ஒரு சாண் மட்டும் வெட்டி எடுத்து, நோட்டுக்கு நாலு விரல் உயரத்தில் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். மீட்டரில் 2 வாட்கூட இல்லை. அவள் பாதிப் பக்கம் படித்து முடித்திருப்பாள். சைக்கிளில் உட்கார்ந்திருந்த பையன் திரும்பிப் பார்க்காமலே மிதித்தபடி கத்தினான்: “ஏய், இன்னும் சுவிட்சு போடலையா?”